கிருஷ்ணகிரி ரோட்டுல ஸ்கேட்போர்டு: சக்கரம் மாத்தணுமா, போன்ல எப்படி எடுக்கணும், லெட்ஜ் எதுல செய்யலாம்?

பழையபேட்டை_போர்டு (கிருஷ்ணகிரி)

வணக்கம். இங்க நாலு பேர் ஓட்டுறோம். மூணு பேருக்கு 15, 16 வயசு, என் தங்கச்சிக்கு 10. போர்டு மொத்தம் மூணு. ரெண்டு 8 இன்ச் டெக் (நிக்கிற பலகை), 52 மி.மீ. சக்கரம், கெட்டித்தனம் 99ஏ (நம்பர் ஏற ஏற கெட்டி). மூணாவது பொம்மைக் கடையில வாங்கினது, அதைத்தான் தங்கச்சி ஓட்டுது.

தெரு சிமென்ட் ரோடு. சொரசொரப்பு தாங்கல. நாலு தடவை புஷ் பண்ணினாலும் கொஞ்ச தூரத்துல நின்னுடுது, கால்ல இருந்து பல்லு வரைக்கும் அதிருது. பேரிங் மாத்தச் சொல்றாங்க சில பேர், சக்கரம்னு சொல்றாங்க சில பேர். எது?

ஒருத்தன் ஓட்டுறப்ப இன்னொருத்தன் போர்டுலயே பின்னாடி போய் போன்ல எடுக்கிறான். படம் ஜெல்லி மாதிரி நெளியுது, சத்தம் பூரா கரகரன்னு இருக்கு. கேமரா வாங்க வசதி இல்ல. போன்லயே ஒழுங்கா எடுக்க வழி சொல்லுங்க.

கிரைண்ட் (விளிம்பு மேல போர்டை உரசிட்டுப் போறது) பழக ஒரு லெட்ஜும், அதாவது விளிம்புள்ள திண்ணையும், செய்யணும். மரமா, இரும்பா? பெங்களூர் ஸ்கேட் பார்க்குக்கு மாசம் ஒரு தடவை போறதே பெருசு.

608_இசட்இசட் (ஓசூர்)

பேரிங் மேல பழி போடாதீங்க தம்பி, சக்கரம்தான். 99ஏ வழவழன்னு இருக்கிற பார்க் தரைக்கு. நம்ம தெரு சிமென்ட்டுல தொடப்பத்தை இழுத்து வரி போட்டிருப்பாங்க, பூச்சு தேஞ்ச இடத்துல ஜல்லி தலை நீட்டியிருக்கும். கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு ஜல்லி மேலயும் ஏறி இறங்குது, புஷ் பண்ணின வேகமெல்லாம் அதிர்வா வீணாகுது. மெத்துச் சக்கரம் ஜல்லி பட்ட இடத்துல அமுங்கிக் கொடுத்துட்டு உருளும்.

தெருவுக்கு 56 முதல் 58 மி.மீ., 78ஏ-ல இருந்து 85ஏ வரைக்கும் எதுவும் சரி. விட்டம் பெருசானா சின்னக் கல்லுல மாட்டி போர்டு அப்படியே நின்னு ஆள் மட்டும் பறக்கிறதும் குறையும். ஆனா மெத்துச் சக்கரத்துல பவர்ஸ்லைடு (போர்டைக் குறுக்கா திருப்பிச் சறுக்குறது) வராது, லெட்ஜ்ல உரசினா பிடிச்சு நிக்கும். அதனால 52-ஐ வித்துடாதீங்க, நல்ல தரைக்கு அதுதான்.

சக்கரம் பெருசானா வீல்பைட் வரும். திரும்புறப்ப சக்கரம் டெக்கோட அடியில முட்டி சட்டுனு பிரேக் பிடிச்ச மாதிரி நிக்கும். டெக்குக்கும் ட்ரக்குக்கும் (டெக் அடியில சக்கரத்தைத் தாங்குற உலோகப் பாகம்) நடுவுல 3 மி.மீ. ரைசர் பேட், அதாவது தடுப்புத் தட்டு, வையுங்க. அப்ப 1 இன்ச் போல்ட் எட்டாது, 1 1/8 இன்ச் வேணும். போர்டு போல்ட் கிடைக்கலன்னா ஹார்டுவேர் கடையில எம்5, 30 மி.மீ., தலை உள்ளே பதியுற மாதிரி ஆலன் போல்ட், நைலாக் நட்டோட எட்டு கேளுங்க. ஓட்டையில சரியா போகும்.

ஆனா ஆக்சில் நட்டுக்கு இந்த மாத்து வேலை வேணாம். ஆக்சில் 8 மி.மீ. மாதிரிதான் தெரியும், உண்மையில 5/16 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. 'எட்டாம் நம்பர் நட்'னு எம்8 வாங்கி ஸ்பேனர் போட்டு முறுக்கினா மரை போயிடும், அப்புறம் ஆக்சில் பதிஞ்சிருக்கிற ட்ரக் பாகத்தையே (ஹேங்கர்) மாத்தணும். ஸ்பேனர் அளவு: ஆக்சில் நட்டுக்கு 13, கிங்பின்னுக்கு (ட்ரக் நடுவுல இருக்கிற பெரிய போல்ட்) 14, ஒரிஜினல் போல்ட் நட்டுக்கு 10. எம்5 நட் போட்டா 8.

பேரிங் எல்லா போர்டுலயும் 608தான்: உள்ளே 8, வெளியே 22, அகலம் 7 மி.மீ. ஒரு போர்டுக்கு எட்டு. கை டிரில், சின்ன மோட்டார் இதுலயெல்லாம் வர்ற அதே சாமான், பேரிங் கடையில கிடைக்கும். செம்மண் தூசிக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கிற '2ஆர்எஸ்' வாங்குங்க. மூடியை குண்டூசியால நெம்பிக் கழட்டிக் கழுவலாம். டப்பாவுல 'ஏபெக் 9'னு துல்லியத் தரம் போட்டிருந்தா மயங்க வேணாம். மணிக்கு 20 கிலோமீட்டர்ல போனாலும் 54 மி.மீ. சக்கரம் நிமிஷத்துக்கு 2,000 சுத்துக்கிட்டத்தான் சுத்தும். ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுத்துது. அந்த நுணுக்க அளவெல்லாம் நமக்கு வேலையே இல்ல.

கழுவுறதுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சானிட்டைசர் வேணாம், தண்ணி கலந்தது, துரு ஏறும். நல்லா காஞ்சப்புறம் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான். துரு எடுக்கிற ஸ்ப்ரே அடிச்சா ரெண்டு நாள் பறக்கும், ஆவியானப்புறம் கத்தும். தேங்காய் எண்ணெய் வைக்கிறவங்களும் இருக்காங்க! ஓசூர் மார்கழியில சக்கரம் உறைஞ்சு போகும்.

தங்கச்சி போர்டைத் திருப்பிப் பாருங்க. ட்ரக் பிளாஸ்டிக்கா இருந்தா, இல்ல கிங்பின் நட்டை இறுக்கித் தளர்த்த முடியலன்னா, அதுல இனி காசு போடாதீங்க. பத்து வயசுக்கு 7.25-ல இருந்து 7.5 இன்ச் டெக், எடை கம்மிங்கிறதால 85ஏ புஷ்ஷிங் (ட்ரக் சாய்ஞ்சு திரும்ப உதவுற ரப்பர் மாதிரி வளையம்). பெரியவங்க போர்டுல வர்ற 90ஏ புஷ்ஷிங்கை சின்னப் பிள்ளை சாய்ச்சுத் திருப்பவே முடியாது. திரும்பலன்னு நட்டை லூஸ் பண்ணிட்டே போவாங்க, கடைசில ட்ரக் தளதளன்னு ஆடி வேகத்துல கவுத்துடும். ஷூ அளவு ஏற ஏற டெக் அகலம் மாத்துனா போதும். ட்ரக்கோட ஆக்சில் டெக் அகலத்துக்குச் சமமா இருக்கட்டும், கால் இன்ச் முன்னப் பின்ன பரவாயில்ல.

ஹெல்மெட்ல 'ஈஎன் 1078' முத்திரை பாருங்க, சைக்கிள், ஸ்கேட் ரெண்டுக்கும் உள்ள தரம் அது. பைக் ஹெல்மெட் கழுத்துக்குப் பாரம், காதும் அடைச்சுக்கும். காசு இருந்தா அடுத்தது மணிக்கட்டு கார்டு. புதுசா ஓட்டுறவங்க கையை ஊனித்தான் விழுவாங்க.

கீழ்க்கோணம் (தருமபுரி)

ஒரே ஒரு செட் மெத்துச் சக்கரம்தான் வாங்க முடியும் என்றால், அது ஓட்டுகிறவனுக்கு இல்லை, எடுக்கிறவன் போர்டுக்கு. 608 அண்ணன் கோபிக்கக்கூடாது. எடுப்பவனுக்கு 78ஏ போட்டாலே ஜெல்லியும் கரகரப்பும் பாதிக்கு மேல் தீரும்.

போன் சென்சார் படத்தை ஒரே நொடியில் மொத்தமாக எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படிக்கும் நேரத்தில் போன் அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் நகர்ந்து விழும், அதுதான் நெளிவு. அதோடு லென்ஸை மிதக்கவிட்டு ஆட்டத்தைச் சமன் செய்யும் அமைப்பு வேறு இருக்கிறது. கை நடுக்கத்துக்காகச் செய்தது அது, சக்கர அதிர்வின் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. பைக் ஹேண்டிலில் மாட்டி எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், எஞ்சின் அதிர்வு கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது.

போனை நேராகக் கையில் பிடிக்காதீர்கள். மேலே கைப்பிடி உள்ள கேஜ் (போனைச் சுற்றிப் பிடிக்கும் சட்டம்) ஒன்றில் மாட்டி, தூக்குவாளி பிடிப்பதுபோலத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். எடை கைக்குக் கீழே இருந்தால் தானாக நிலைக்கும். கடையில் வாங்க முடியாவிட்டால் ட்ரைபாட் போன் கிளாம்ப்பும் ஒரு வளைத்த இரும்புப் பட்டையும் போதும். கிளாம்ப் திருகு 1/4 இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. கைக்கயிறு கட்டாயம்.

அகல லென்ஸ், அதாவது 0.5 எக்ஸ். மேலே ஒட்டும் கிளிப் ஃபிஷ்ஐ (மிக அகலமாக, வளைத்துக் காட்டும் லென்ஸ்) வாங்கினால் ஓரம் மங்கும், குதிக்கும்போது நகர்ந்து ஒரு மூலை கருக்கும். லென்ஸ் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், போர்டிலிருந்து மூன்றடி. இந்த லென்ஸில் ஆறடி தள்ளி நின்றால் ஆள் எறும்பாகிவிடுவார், படிக்கட்டு படியாகவே தெரியாது. நெஞ்சு தெரிகிற பக்கமாகப் போனால் முகமும் காலும் ஒன்றாகக் கிடைக்கும், முதுகுப் பக்கம் போனால் சட்டைதான் கிடைக்கும். ட்ரிக்குக்கு முன்னாலேயே புஷ் முடித்துவிடுங்கள். குதிக்கிற நேரத்தில் நீங்கள் தரையில் கால் வைத்தால் அந்தக் குலுக்கல் படத்தில் தெரியும். அவன் இறங்கும் கோட்டில் நீங்கள் இருக்கவே கூடாது, தப்பிய போர்டு லென்ஸை நோக்கித்தான் வரும்.

1080பி, 60 ஃபிரேம். 4கே 60 வைத்தால் நிமிஷத்துக்கு 400 எம்பி சுமாருக்குத் தின்னும், சித்திரை வெயிலில் போன் சூடேறி தானே நிறுத்திவிடும். வெளிச்சத்தையும் ஃபோகஸையும் தொட்டுப் பிடித்து லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நிழலிலிருந்து வெயிலுக்கு வருகிற அரை நொடியில் படம் வெளுத்து மீளும், ட்ரிக் அந்த அரை நொடியில்தான் நடக்கும். மேனுவல் ஆப் இருந்தால் பகலில் ஷட்டர் 1/250 முதல் 1/500. இரவில் விளக்கடியில் 50 ஃபிரேம், ஷட்டர் 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு பொருந்தாத ஷட்டரில் கறுப்புப் பட்டை ஓடும்.

காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலரைக்கு மேல். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழலே படத்துக்குள் நீளும், பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கொல்லாதீர்கள். ஆலி (போர்டோடு குதிப்பது) அடிக்கும் 'டப்', லெட்ஜ் உரசல், இறங்கும் ஓசை இல்லாத ஸ்கேட் வீடியோ உப்பில்லாக் களி. மைக் துளை மேல் சின்ன ஸ்பாஞ்ச் துண்டு ஒட்டினால் காற்றுச் சத்தம் அடங்கும். வெட்டும்போது இறங்கினதும் நிறுத்தாதீர்கள், இரண்டு நொடி உருண்டு போவது தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் கை ஊன்றியிருப்பானோ என்றுதான் பார்க்கிறவனுக்குத் தோன்றும். ஸ்லோமோஷன் முதல் கோணத்தில் வேண்டவே வேண்டாம். முழு வேகத்தில் ஒரு தடவை காட்டிவிட்டு, இரண்டாவது கோணம் இருந்தால் பாதி வேகத்தில்.

அஞ்செட்டி_ரோலர்

கீழ்க்கோணம் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு: ஸ்டெபிலைசேஷன். 0.5-ல போர்டு மேல இருந்து எடுக்கிறப்ப டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை (ஆட்டத்தைப் போனே சரிபண்றது) அணைச்சுடுங்க. அது ஓரத்தை வெட்டி, அகலக் கோணத்தோட பலனையே தின்னுடும். இறங்குற அடியில மூலைங்க ரப்பர் மாதிரி இழுபடும்.

கீழ்க்கோணம் (தருமபுரி)

மெத்துச் சக்கரம் வந்தபிறகு அணைக்கலாம். 99ஏ-வில் நின்றுகொண்டு அணைத்தால் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். சில போனில் 0.5-க்கு அணைக்கும் வசதியே கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள். தரையில் நின்று ஒரே இடத்தில் எடுத்தால் எப்போதும் அணைத்தே வைக்கலாம்.

உலர்களம்_காவலன் (பாலக்கோடு)

இடம் பத்தி யாரும் பேசல. ஊராட்சி உலர்களம் பாருங்க. சுத்துப்பட்டுல வழவழன்னு, கோடு இல்லாம, வண்டி வராத சிமென்ட் தரைன்னா அதுதான். 52 மி.மீ. 99ஏ அங்க பறக்கும். கேப்பை, கொள்ளு, புளி காயப்போட்டிருக்கிற நாள்ல மட்டும் பக்கமே போகக்கூடாது. தை மாசி பூரா கேட்டுட்டுத்தான் போகணும். ஓட்டுறதுக்கு முன்னாடி பெருக்குங்க, ஓட்டி முடிச்சதும் பெருக்குங்க. மெழுகு ஒரு துளி தரையில சிந்தக்கூடாது, தானியத்துல ஒட்டும். ஊராட்சித் தலைவர்கிட்ட முதல்லயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

கல்யாண மண்டப வாசல் வேணாம், பேவர் பிளாக் இடுக்குல சக்கரம் மாட்டும். மொட்டை மாடியும் வேணாம், தட்டோடு உடைஞ்சா வீட்டுக்குள்ள மழை. மாவட்ட விளையாட்டரங்கத்துல ஓட்டணும்னா மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலருக்கு மனு: எத்தனை பேர், என்ன வயசு, எந்த நேரம், ஹெல்மெட் போடுவோம்னு ஒரு பக்கம். 2020 டோக்கியோ ஒலிம்பிக்ல ஸ்கேட்போர்டிங் வந்ததையும், 2022 குஜராத் தேசிய விளையாட்டுல இருந்ததையும் ஒரு வரி சேருங்க. 'பொம்மை வண்டி'ன்னு தள்ளிவைக்க மாட்டாங்க. பேஸ்கட்பால் கோர்ட்டைக் கேட்காதீங்க, பெயிண்ட் தரையில போர்டு வால் கிழிச்ச கோடு போகாது.

தொப்பூர் கணவாய் இறக்கத்துல டவுன்ஹில் எடுக்கலாம்னு எவனாவது சொன்னா அவனோட சேராதீங்க. லாரி பிரேக்கே பிடிக்காத இடம் அது.

பட்டறைக்கல் (பர்கூர்)

கிருஷ்ணகிரியில உக்காந்துட்டு மரமா இரும்பான்னு கேக்குறீங்களே! கல்லு கேளுங்க. பாலிஷ் போட்ட கிரானைட் விளிம்பு மாதிரி வழுக்குற லெட்ஜ் வேற எதுலயும் வராது. கட்டிங் பட்டறையில ஓரத்துண்டு ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அளவு சொன்னா அறுத்துக் கொடுப்பாங்க.

அளவு இப்படி. 8 இன்ச் ஹாலோ பிளாக், அதாவது 400 × 200 × 200 மி.மீ., எட்டு எடுத்து குறுக்கா பக்கம் பக்கமா அடுக்குங்க. நடுவுல 10 மி.மீ. கலவை. மொத்த நீளம் 1,670 மி.மீ., அகலம் 400. மேல போடுற கல்லு 1,690 × 420, தடிமன் 20. எல்லாப் பக்கமும் 10 மி.மீ.தான் நீட்டணும். கிரானைட் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மூணு இன்ச் நீட்டிவிட்டா ட்ரக் மேல இருந்து விழற அடியில வெடிப்பு விடும். கல்லு எடை 38 கிலோகிட்ட, ரெண்டு பேர் தூக்கணும். முடிஞ்ச உயரம் 23 செ.மீ. ஆலி இன்னும் அவ்வளவு வரலன்னா 4 இன்ச் சாலிட் பிளாக் போடுங்க, 13 செ.மீ.ல முடியும்.

கல்லுக்கு அடியில கலவை முழுசாப் பரவணும். நாலு மூலையில உருண்டை வெச்சு ஒட்டுற வேலை கூடாது. காஞ்சப்புறம் சுத்தியல் கட்டையால தட்டிப் பாருங்க, 'டொக் டொக்'னு வெத்துச் சத்தம் வர்ற இடத்துலதான் நாளைக்கு விரிசல் வரும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைங்க. அதுவரைக்கும் மேல ஏறாதீங்க.

விளிம்புதான் முக்கியம். அறுத்த கூர் முனையை அப்படியே விட்டா முதல் வாரத்துலயே பல்லு பல்லா உதிரும், கையையும் அறுக்கும். நீள விளிம்பு ரெண்டுக்கும் 45 டிகிரியில 3 மி.மீ. சாய்வா சீவி (சாம்பர் அடிச்சு) பாலிஷ் போடச் சொல்லுங்க. பட்டறைக்காரர் சமையல் மேடைன்னு நினைச்சு அரை வட்டமா உருட்டிடுவார், அதைத் தடுங்க. உருட்டின விளிம்புல ட்ரக் பிடிச்சு நிக்காம கீழ நழுவும். அலையலையா வரி ஓடுற பாரடைசோ பார்க்க அழகு, ஆனா அந்த வரியோட போக்குலயே பிளக்கும். பொடி மணி உள்ள கறுப்பு, சாம்பல் கல்லு எடுங்க. பின்பக்கம் வலை ஒட்டின கல்லு வேணாம், பலம் பத்தாததாலதான் ஒட்டியிருப்பாங்க.

மெழுகுக்கு வெள்ளை மெழுகுவத்தி. விளிம்புல மேல ரெண்டு செ.மீ., பக்கத்துல ரெண்டு செ.மீ., லேசா ஒரு இழுப்பு. கல்லுக்கு அதுவே ஜாஸ்தி. சிமென்ட் திண்ணைக்குத் தேய்க்கிற மாதிரி தேச்சா போர்டு முன்னாடி பறக்கும், பின்மண்டை கல்லுல.

இது நிரந்தரக் கட்டு, சொந்த இடத்துல மட்டும் கட்டுங்க. உலர்களத்துக்கு எடுத்துட்டுப் போறதுன்னா 40 × 40 × 5 மி.மீ. இரும்பு ஆங்கிள்ல ஃபிரேம் வெல்டிங் பண்ணி, மேல 18 மி.மீ. பிளைவுட், விளிம்புலயும் அதே ஆங்கிள். வெல்டிங் மொட்டை ஃபைல் போட்டு சமமா தேய்க்கணும், மேடு இருந்தா ட்ரக் மாட்டும். அடியில ரப்பர் ஷீட், இல்லன்னா தரையும் கெடும், ஒவ்வொரு கிரைண்டுக்கும் பெட்டியும் நகரும்.

பழையபேட்டை_போர்டு (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் நன்றிங்க. முதல் செட் 78ஏ எடுக்கிறவன் போர்டுக்குத்தான், முடிவாச்சு. இன்னொரு சந்தேகம். பக்கத்துல கல்யாண வீடியோ ஸ்டுடியோவுல சோனி பிடி170 வீடியோ கேமரா ஒண்ணு பீரோவுல சும்மா கிடக்கு, குறைஞ்ச விலைக்குத் தர்றேங்கிறார். பழைய ஸ்கேட் வீடியோ மாதிரி வருமா?

கீழ்க்கோணம் (தருமபுரி)

வரும், வேலையும் கூடவே வரும். அந்தப் பழைய தோற்றத்துக்குப் பேர்போனது 1995-ல் வந்த சோனி விஎக்ஸ்1000, மேலே கைப்பிடி, முன்னால் பெரிய ஃபிஷ்ஐ. பிடி170 அதே குடும்பத்தில் 2003-ல் வந்தது, இருட்டில் விஎக்ஸ்1000-ஐ விட நன்றாகவே எடுக்கும். லென்ஸ் மரை 58 மி.மீ. விஎக்ஸ்1000-க்கு 52, எனவே அதற்கான ஃபிஷ்ஐ இதில் நேராக ஏறாது.

காசு கொடுக்கும் முன் ஸ்டுடியோவிலேயே புது மினிடிவி (MiniDV) டேப் போட்டு ஐந்து நிமிஷம் பதியுங்கள், அதே கேமராவில் ஓட்டிப் பாருங்கள். சதுரம் சதுரமாகச் சிதறினால் முதலில் ஹெட் கிளீனிங் டேப்பைப் பத்து நொடி ஓட்டுங்கள். மூன்று தடவை ஓட்டியும் சதுரம் போகவில்லை என்றால் டேப்பைப் படிக்கும் ஹெட் தேய்ந்துவிட்டது, வாங்காதீர்கள். பிறகு பதிந்த டேப்பை முழுதாக முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள், பாதியில் நின்றால் மோட்டார் போகப்போகிறது. டிவிகேம் (DVCAM) முறையில் பதிந்தால் 60 நிமிஷ டேப் 40 நிமிஷத்தில் தீரும், சாதாரண டிவி (DV) பதிவு முறையில் வையுங்கள், எஸ்பி என்ற வேகம் போதும்.

படத்தைக் கணினிக்கு ஏற்ற ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்பு வேண்டும், இப்போதைய லேப்டாப்பில் அது இருக்காது. ஸ்டுடியோக்காரரின் பழைய டெஸ்க்டாப்பில் அநேகமாக அட்டை இருக்கும். விலை பேசும்போதே ஏற்றித் தருவதையும் சேர்த்துப் பேசுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி, பென்டிரைவ் போதும். படம் 25 ஃபிரேம், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக இருக்கும். எடிட்டிங்கில் டீஇன்டர்லேஸ் செய்து அந்தப் பாதிகளைச் சரிப்படுத்தாவிட்டால் வேகமாகப் போகிற போர்டு ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும்.

பேட்டரியும் சார்ஜரும் கூடவே கேளுங்கள். தரும் பேட்டரியில் டேப் ஓடும்போது எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று அங்கேயே பாருங்கள்.